கிள்ளிய கை தொட்டிலை ஆட்டலாமா?

2007 ஜூன் 27. அன்று பகலில் டோனி பிளேர் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் பிரதமராகக் கடைசி முறை கேள்விகளுக்குப் பதில் சொன்னார். உறுப்பினர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள். பிறகு பதவி விலகினார். அதே நாளில் இன்னொரு அறிவிப்பு வந்தது. ஐ.நா., அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யா ஆகிய நால்வர் அணியின் மத்திய கிழக்குத் தூதர் இனி அவர்தான். ஈராக்கின் மீது படையெடுத்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. பிணங்கள் இன்னும் விழுந்துகொண்டிருந்தன.

தோழர்களே, இந்தப் பழைய கதையை இப்போது எடுப்பதற்குக் காரணம் உண்டு. 2025 செப்டம்பரில் டிரம்ப் காசாவுக்கென அறிவித்த 20 அம்சத் திட்டத்திலும் இதே பிளேரின் பெயர் இருந்தது. படிப்பு வட்டத்தில் ஒரு மாணவர் கேட்டார்: "அயர்லாந்தில் சமாதானம் செய்தவர்தானே அண்ணா, ஒரு தப்புக்காகக் காலம் முழுக்க ஒதுக்கி வைக்கணுமா?" நேர்மையான கேள்வி. முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் பதில் சொல்ல வேண்டியது.

முதலில் அவர் பக்கம் உள்ள நியாயம். வட அயர்லாந்தில் 1998 ஏப்ரல் 10 அன்று கையெழுத்தான உடன்பாடு பொய்யல்ல. முப்பது ஆண்டு ரத்தம் அதோடு பெருமளவு நின்றது. அதற்காக பிளேர் ஜெரி ஆடம்ஸை, பயங்கரவாதி என்று லண்டன் பத்திரிகைகள் எழுதிய மனிதரை, தன் வீட்டு வாசலுக்கே அழைத்துப் பேசினார். ஐ.ஆர்.ஏ. தளபதியாக இருந்த மார்ட்டின் மெக்கின்னஸ் 2007இல் அங்கே துணை முதல்வரானார். கையில் கறை உள்ளவர் சமாதானம் பேசவே கூடாது என்றால் மெக்கின்னஸும் பேசியிருக்க முடியாது. ஆகவே கறை மட்டும் என் வாதம் அல்ல.

ஆனால் ஒரு வேறுபாட்டைப் பாருங்கள். மெக்கின்னஸை அந்த மேசைக்கு அனுப்பியது அவருடைய மக்கள். அவர்களிடம்தான் அவர் திரும்பிப் போய்க் கணக்குச் சொல்ல வேண்டும். பிளேரை பாலஸ்தீனத்துக்கு அனுப்பியது யார்? அந்த மக்களிடம் யாராவது கேட்டார்களா?

நம் ஊரில் இதற்கு நெருக்கமான ஒன்று நமக்குத் தெரியும். சேரியில் வீடுகள் கொளுத்தப்பட்ட மறுவாரம் தாசில்தார் அலுவலகத்தில் சமாதானக் கூட்டம் நடக்கும். இருதரப்பையும் சமமாக உட்கார வைத்ததாகச் சொல்வார்கள். நடுவில் பெரியவராக உட்கார்ந்திருப்பவர் யாரென்று பார்த்தால், கொளுத்தியவர்களுக்கு ஜாமீன் எடுக்க அலைந்தவர். வழக்கை வாபஸ் வாங்கினால் ஊரில் அமைதி வரும் என்று அவரே அறிவுரை சொல்வார். வன்கொடுமைச் சட்டப் புகாரை நம்மை விட்டே கிழிக்க வைப்பதற்கு அதிகாரிகள் வைத்திருக்கும் பெயர் அமைதி. இப்படிப்பட்ட கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

இனி ஈராக். 45 நிமிடத்தில் பேரழிவு ஆயுதங்களை ஏவ முடியும் என்று 2002 செப்டம்பரில் பிளேர் அரசு ஆவணம் வெளியிட்டது. அப்படி ஓர் ஆயுதமும் கிடைக்கவில்லை. 2003 பிப்ரவரியில் லண்டன் தெருக்களில் லட்சக்கணக்கானோர் திரண்டு போர் வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. ஈராக்கியர் லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். 2016 ஜூலையில் வந்த சில்காட் அறிக்கை, அமைதி வழிகள் தீர்வதற்கு முன்பே போருக்குப் போனார்கள் என்று பதிவு செய்தது. எதுவானாலும் உங்களோடு இருப்பேன் என்று 2002 ஜூலையிலேயே புஷ்ஷுக்கு அவர் எழுதியதும் வெளியே வந்தது. அன்று பிளேர் கண் கலங்க வருத்தம் தெரிவித்தார். கூடவே, எடுத்த முடிவு சரிதான் என்றும் சொன்னார். என்னால் ஏற்க முடியாதது இந்த இடம்தான். உயிர்களுக்கு வருத்தம், முடிவுக்கு வருத்தமில்லை.

சரி, தூதராக என்ன செய்தார்? பேச்சுவார்த்தை அவர் கையில் இல்லை, அதை அமெரிக்கா தன்னிடமே வைத்துக்கொண்டது. அவருக்குக் கிடைத்தது பொருளாதாரமும் நிர்வாகச் சீரமைப்பும். மேற்குக் கரையில் சில சோதனைச் சாவடிகளை அகற்றப் பேசினார், சில திட்டங்களுக்கு அனுமதி வாங்கினார். இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் பதவியேற்ற அதே மாதம் காசா மீது இறுகிய முற்றுகை, 2015இல் அவர் விலகும்போதும் அப்படியே இருந்தது. நடுவில் 2008-09, 2012, 2014 என்று மூன்று போர்கள். தூதரான பிறகு காசாவுக்குள் அவர் முதன்முதலாகக் காலடி வைத்தது 2009 மார்ச்சில், முதல் போர் முடிந்த பிறகு. பாலஸ்தீனத் தலைவர் நபில் ஷாத், இவர் சில நேரம் இஸ்ரேலியத் தூதரைப் போலப் பேசுகிறார் என்று 2011இல் வெளிப்படையாகவே குறை சொன்னார். இடையில் 2008 முதல் ஜே.பி.மார்கன் வங்கிக்கு ஆலோசகர் வேலையும் பார்த்தார். தூதர் பதவிக்குச் சம்பளம் இல்லை என்பதை மட்டும் பெருமையாகச் சொல்வார்கள்!

அயர்லாந்து அனுபவம் பேசப்படுகிறதே, அதை அவரே இங்கே பயன்படுத்தவில்லை. 2006 ஜனவரியில் பாலஸ்தீனர்கள் ஓட்டுப் போட்டு ஹமாஸைத் தேர்ந்தெடுத்தபோது, அவர்களோடு பேசுவதில்லை என்ற முடிவில் பிரதமர் பிளேரும் சேர்ந்து நின்றார். அது தவறு, தொடக்கத்திலேயே அவர்களைப் பேச்சுக்குள் இழுத்திருக்க வேண்டும் என்று 2017இல் ஒப்புக்கொண்டார். ஹமாஸின் அரசியலை நான் ஆதரிக்கவில்லை. ஆடம்ஸிடம் பேச முடிந்தவருக்கு இங்கே ஏன் முடியவில்லை என்பதுதான் என் கேள்வி. அந்த ஒப்புதல் வருவதற்குள் காசாவில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் முற்றுகைக்குள்ளேயே வளர்ந்துவிட்டார்கள்.

2025 திட்டத்தின் அமைப்பையும் கவனியுங்கள். அன்றாட நிர்வாகத்துக்குப் பாலஸ்தீன நிபுணர் குழு. அதற்கு மேலே மேற்பார்வைக்கு ஒரு வாரியம், தலைவர் டிரம்ப், உறுப்பினராக பிளேர். குப்பை அள்ளுவதும் குடிநீர் விடுவதும் பாலஸ்தீனர் பொறுப்பு, நிலத்தின் எதிர்காலம் மேலே உள்ளவர்கள் பொறுப்பு. 1948 வரை அந்த மண்ணை ஆண்ட நாட்டின் முன்னாள் பிரதமர் மறுபடி மேற்பார்வைக்கு வருவது அங்குள்ள முதியவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

கேள்வி கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான். அவர் வரட்டும். ஆனால் முதலில் பாக்தாதுக்குப் போய், உறவுகளை இழந்தவர்கள் முன்னால் உட்கார்ந்து, அந்த முடிவே தவறு என்று சொல்லட்டும். அதன் பிறகு, காசாவில் கூடாரத்தில் கிடக்கிறவர்கள் இவர் வேண்டும் என்று அழைத்தால் போகட்டும்.