முதலில் கை, பிறகு இயந்திரம்

டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோருக்கு நம் ஊரில் முதல் குழாய் கழுத்தில்தான் இறங்குகிறது. மூச்சுத்திணறலோடு நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு வருகிறார்கள். கிரியாட்டினின் எட்டோ பத்தோ, பொட்டாசியமும் ஏறியிருக்கும். அந்த நேரத்தில் கழுத்துக் குழாய்தான் உயிரைக் காப்பாற்றுகிறது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால், இவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வாங்கியவர்கள். கிரியாட்டினின் கூடிக்கொண்டே போவதை ஒவ்வொரு பரிசோதனைச் சீட்டிலும் பார்த்தவர்கள். சிறுநீரகம் கைவிடப்போகிறது என்று முன்பே தெரிந்த ஒருவருக்கு, ரத்தம் எடுக்கும் வழியை மட்டும் ஏன் நள்ளிரவில் முடிவுசெய்ய வேண்டும்?

டயாலிசிஸ் சரியாக நடக்க, நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி லிட்டர் ரத்தம் வெளியே வந்து, சுத்தமாகித் திரும்ப வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு 72 லிட்டர். உடலில் உள்ள ஐந்து லிட்டர் ரத்தமே திரும்பத் திரும்பச் சுற்றி வருகிற கணக்கு இது. கையில் பச்சையாகத் தெரியும் சிரையால் அவ்வளவு தர முடியாது. ஆழத்தில் ஓடும் தமனியால் முடியும். ஆனால், அதை வாரம் இரண்டு மூன்று முறை தடித்த ஊசியால் குத்திக்கொண்டிருக்க முடியாது.

இந்தச் சிக்கலோடு போராடியதுதான் டயாலிசிஸ் வரலாற்றில் பாதி. 1943இல் நெதர்லாந்தின் காம்பன் நகரில் வில்லெம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கியபோது, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ரத்தக்குழாயைத் திறக்க வேண்டியிருந்தது. குழாய்கள் தீர்ந்தால் சிகிச்சையும் முடிந்தது. 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்க்ரிப்னர் தமனியையும் சிரையையும் தோலுக்கு வெளியே ஒரு டெஃப்லான் குழாயால் இணைத்தார். அந்த முறையில் முதலில் சிகிச்சை பெற்ற கிளைட் ஷீல்ட்ஸ் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆனால், வெளியே கிடந்த அந்தக் குழாய் அடிக்கடி அடைத்தது, கிருமி பிடித்தது. 1966இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியிலிருந்து பிரெசியா, சிமினோ, ஆப்பெல் உள்ளிட்ட குழுவினர் வேறொரு வழியை வெளியிட்டனர். மணிக்கட்டருகே தமனியையும் சிரையையும் தோலுக்கடியிலேயே தைத்துச் சேர்த்துவிடுவது. அதுதான் ஃபிஸ்டுலா. பொருத்தமான கை கிடைத்தால் இன்றுவரை அதைவிடச் சிறந்த வழி வரவில்லை.

தமனியின் வேகத்தில் ரத்தம் பாயப் பாயச் சிரை விரிகிறது, அதன் சுவர் தடிக்கிறது. மேலே விரலை வைத்தால் ஓர் அதிர்வு தெரியும். உடலுக்கு அந்நியமான பொருள் எதுவும் உள்ளே இல்லை என்பதால் கிருமித் தொற்றும் குறைவு. நன்றாக அமைந்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆனால், அது தயாராக ஆறு முதல் எட்டு வாரங்கள், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், ரத்தக்குழாய் மெலிந்த முதியவர்களுக்கும் தயாராகாமலே போவதுண்டு. அப்போது தோலுக்கடியில் செயற்கைக் குழாய் ஒன்றைத் தமனிக்கும் சிரைக்கும் இடையே வைக்கிறார்கள், அது கிராஃப்ட். சில வாரங்களில் பயன்படுத்தலாம். அடைப்பும் தொற்றும் ஃபிஸ்டுலாவைவிட அதிகம்.

மூன்றாவது, கழுத்து வழியாக இறங்கும் குழாய். அவசரத்துக்குப் போடுவது தற்காலிகக் குழாய். மார்புத் தோலுக்கடியில் கொஞ்ச தூரம் ஓடி வெளியே வரும் நீண்டகாலக் குழாயைப் ‘பெர்ம்கேத்’ என்கிறார்கள். இரண்டுமே வெளி உலகையும் இதயத்தின் வாசலையும் நேராக இணைப்பவை. டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், முதல் சந்தேகம் குழாயின் மீதுதான். அந்தக் கிருமி இதய வால்வு வரை போகக்கூடும். இன்னொரு சேதம் சத்தமில்லாமல் நடக்கிறது. குழாய் உரசிய பெரிய சிரை உள்ளுக்குள் சுருங்கிவிடுகிறது. காரை எலும்புக்கு அடியில் ஓடும் சிரையில் போட்டால் இந்த ஆபத்து மிக அதிகம். பிறகு அதே பக்கக் கையில் ஃபிஸ்டுலா வைத்தால் ரத்தம் திரும்ப வழியின்றிக் கை வீங்குகிறது. அவசரத்துக்கு எடுத்த முடிவு, நிரந்தர வழியையே அடைத்துவிடுகிறது.

ஃபிஸ்டுலாவுக்கான சிரை பெரும்பாலும் கெட்டுப்போவது அறுவைசிகிச்சை அரங்கில் அல்ல, சாதாரண வார்டில். “அம்மா, இந்தக் கையில நரம்பு நல்லா இருக்கு” என்று செவிலியர் இடது முன்கையைத்தான் தேர்ந்தெடுக்கிறார். நோயாளியின் வலது கை சாப்பிடத் தேவை என்ற அக்கறையில்தான் அப்படிச் செய்கிறார். ஆனால், பின்னாளில் ஃபிஸ்டுலா வைக்கவேண்டிய கையும் அதுதான். நான்கைந்து முறை ட்ரிப்ஸ் ஏறினால் அந்தச் சிரை கயிறாக இறுகிவிடும். புறங்கையில் குத்தியிருந்தால் போதும். பரிசோதனைச் சீட்டில், சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே போய்விட்ட ஒருவருக்கு முன்கையில் ஊசி கூடாது என்பதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் நம் மருத்துவமனைகள் தருவதில்லை.

அமெரிக்காவின் அனுபவம் நமக்குப் பாடம். 2003இல் அங்கே ‘ஃபிஸ்டுலா முதலில்’ என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள். டயாலிசிஸில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்காக இருந்த ஃபிஸ்டுலா, 60 விழுக்காட்டைத் தாண்டியது. ஆனால், புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டினர் அப்போதும் குழாயோடுதான் தொடங்கினார்கள். சிகிச்சை தொடங்கிய பிறகு விரட்டிப் பிடிப்பதைத்தான் அந்த இயக்கத்தால் சாதிக்க முடிந்தது. எல்லோருக்கும் ஃபிஸ்டுலா என்ற பிடிவாதமும் சரியல்ல. இதயம் பலவீனமான 80 வயதுக்காரருக்குப் பெர்ம்கேத்தே நிம்மதியாக இருக்கலாம். 2019இல் அமெரிக்கச் சிறுநீரக வழிகாட்டு நெறிகளே மாறி, அந்த நோயாளியின் வாழ்க்கைக்கு எது பொருந்தும் என்று திட்டமிடச் சொல்கின்றன. அதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால், திட்டமிட அவகாசம் இருந்தால்தான் தேர்வும் இருக்கும்.

தமிழ்நாட்டில் அந்த அவகாசத்தை உருவாக்க முடியும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸுக்குப் பணம் தருகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். நாளைய டயாலிசிஸ் நோயாளிகளில் பெரும்பகுதியினர் இன்று அவர்கள் கதவைத் தட்டும் வீடுகளில்தான் இருக்கிறார்கள். இ.ஜி.எஃப்.ஆர். குறைந்தவரின் நோயாளி அட்டையில் ‘இடது முன்கையில் ஊசி போடக் கூடாது’ என்று எழுத வேண்டும். 20க்கு அருகில் வந்ததும் ஃபிஸ்டுலா பற்றிப் பேச மருத்துவக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். இதற்குப் புதிய துறையோ கட்டடமோ வேண்டாம். கூடவே, ஒவ்வொரு டயாலிசிஸ் மையமும் மூன்று மாதத்துக்கு மேல் கழுத்துக் குழாயோடு இருப்பவர்கள் எத்தனை பேர் என்று மாதந்தோறும் வெளியிட வேண்டும். எத்தனை இயந்திரம், எத்தனை முறை என்பதை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இந்தக் கேள்வி எழவே எழாது.

ஃபிஸ்டுலா அமைந்த பிறகும் வேலை முடியவில்லை. அந்தக் கையில் ரத்த அழுத்தம் பார்க்கக் கூடாது, இறுக்கமான வளையல் கூடாது, குடம் தூக்கக் கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. தினமும் காலையில் அதிர்வைத் தொட்டுப் பார்க்க வேண்டும். வயிற்றுப்போக்கிலோ, டயாலிசிஸ் முடிந்து ரத்த அழுத்தம் இறங்கும்போதோ ரத்தம் உறைந்து அதிர்வு நின்றுபோகலாம். ஒரு நாளுக்குள் போய்ச் சேர்ந்தால் பல நேரங்களில் மீட்டுவிடலாம்; தாமதித்தால் கையே வீண், மறுபடி கழுத்துக் குழாய். தாலுகா மருத்துவமனைகள் வரை இயந்திரம் வந்துவிட்ட மாநிலத்தில், இரவு பத்து மணிக்கு அதிர்வு நின்றுபோன ஒரு விவசாயி எந்த எண்ணை அழைக்க வேண்டும், எந்த ஊரில் அறுவைசிகிச்சை நிபுணர் இருப்பார் என்பதை டயாலிசிஸ் மையத்தின் சுவரிலேயே எழுதி வைக்க வேண்டும்.