அளக்க அஞ்சுவது ஏன்?

மின்னாற்றல் வேண்டா என்பார் தமிழ்நாட்டில் எவருமிலர். நாமும் அவ்வாறு கூறவில்லை. நாம் வினவுவது ஒன்றே: நிலத்தின்மேல் இத்துணைப் பெருஞ்சுமையை ஏற்றுமுன், அதனால் விளையுங் கேட்டை அளந்து பார்த்தீர்களா?

சத்தீசுகரின் இராய்கரினின்று நம் புகளூர்வரை ஏறத்தாழ 1,760 கி.மீ. நீள்கின்றது ஒரு மின்தடம். அழுத்தம் எட்டு இலக்கம் வோல்ட்டு. கொணரும் ஆற்றல் 6,000 மெகாவாட்டு. இத்தகு தடத்திற்கு வகுத்துள்ள அகலம் 69 மீட்டர். பள்ளிப் பிள்ளையும் பெருக்கிப் பார்க்கலாம். ஏறத்தாழ 30,000 ஏக்கர் வரும். அப்பரப்பில் தென்னை நிமிர்ந்து நிற்றல் கூடாது. 2018-இல் கொங்கு உழவர் கொதித்தெழுந்தது வீணுக்கன்று.

வெட்டிய மரத்திற்கு ஈடு தருகின்றோம் என்பர். தருக! அத்தோப்பின் நிழல் காத்த ஈரத்திற்கும், அதிற் கூடு கட்டிய புள்ளினத்திற்கும் கணக்கெழுதியவர் யார்? எழுதவேண்டும் என்று சட்டமே சொல்லவில்லை. 2006-ஆம் ஆண்டுச் சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் அணை உண்டு, அனல்மின் நிலையம் உண்டு, மின்தடம் இல்லை! காட்டுநிலமோ காட்டுயிர்ப் புகலிடமோ குறுக்கிட்டாலன்றி இசைவும் வேண்டா. கொங்கு உழவன் தன் புன்செய்யைக் 'காடு' என்பான். சட்டத்தின் கண்ணுக்கு அது காடன்று போலும். ஆனால் அக்காட்டினுள் நுழைய, வெள்ளையன் 1885-இல் இயற்றிய தந்திச் சட்டத்தின் ஆணையுரிமையை, 2003-ஆம் ஆண்டு மின்சட்டத்தின் 164-ஆம் பிரிவு எடுத்துக் கொடுத்தது.

அளந்தால் என்ன வெளிப்படும் என்பதற்குத் தார்ப்பாலையே சான்று. ஆங்கு 4,200 சதுர கி.மீ. பரப்பில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 84,000 பறவைகள் மின்கம்பியில் மோதி மடிவதாக இந்தியக் காட்டுயிர் நிறுவனம் 2020-இல் மதிப்பிட்டது. கானமயில் என்னும் அழகிய தமிழ்ப்பெயர் தாங்கிய பெரும்புள் அவற்றுள் ஒன்று. அது நேர்முன்னே காண்பது குறைவு, உடலோ கனத்தது, கம்பியைக் கண்டபின் விலக இயலாது. கோவைப் பகுதியிலும் ஒருகாலத்தில் உலவிய பறவை அது! 2021-இல் உச்ச நயன்மன்றம் அதன் வாழிடத்தில் மின்கம்பியை மண்ணுட் புதைக்க ஆணையிட்டதும், 2024-இல் அவ்வாணையைத் தளர்த்தியதும் அறிவோம். தளர்த்தினும், கணக்கு இருந்தமையாலன்றோ வழக்கு நின்றது?

எட்டு இலக்கம் வோல்ட்டைப் புதைத்தல் அரிது என்பர். ஒப்புக்கொள்வோம். ஆயின் 2021-இல் தொடங்கிய புகளூர்-திருச்சூர்த் தடத்தின் அழுத்தம் 3.2 இலக்கமே. அது பாலக்காட்டு வடக்கஞ்சேரி வரை தூண்மேல் வருகின்றது. அதற்கப்பால் மண்ணுள் திருச்சூர் செல்கின்றது. அதே தடம், அதே அழுத்தம்! கொங்குநாட்டில் மட்டும் தூண்மேல் நின்றதேன்? புதைத்தால் மிகும் செலவு இவ்வளவு, புதையாமையால் அழிந்த மரமும் மண்ணும் புள்ளும் இவ்வளவு என்று இரண்டையும் ஒருங்கு வைத்து எழுதிக் காட்டட்டும். உழவன் படிக்குமாறு தமிழில் எழுதிக் காட்டட்டும்.