ஆறுதல் சொல்ல வந்தவருக்கு யார் ஆறுதல்?



சில மாதங்களுக்கு முன் ஒரு மாதர் சங்கக் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். வாசகி ஒருவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "அக்கா, கோவிக்காதீங்க. வெளிநாட்டிலயிருந்து ஆட்கள் வாறாங்க, எங்களைப் பாக்கிறாங்க, படம் எடுக்கிறாங்க, போறாங்க. பிறகு ஒரு கடிதமும் இல்லை. நாங்க என்ன காட்சிப்பொருளா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். 2004 டிசம்பர் 26 இல் கடல் பொங்கிய பிறகு நமது கரையோரக் கிராமங்களுக்கு எத்தனை வாகனங்கள் வந்தன! 2006 இல் சம்பூர், மூதூர்ப் பக்கத்து மக்கள் இடம்பெயர்ந்து முகாம்களில் கிடந்தபோதும் வந்தன. 2009 இல் யுத்தம் முடிந்த பிறகும் வந்தன. ஒரே கதையைப் பத்துப் பேருக்குச் சொல்லி அலுத்துப்போன பெண்கள் நம்மிடையே உண்டு. படிவத்தில் கணவரின் பெயருக்கு நேரே 'காணாமற் போனவர்' என்று எழுதும்போது கை நடுங்கும். படிவம் நிரப்ப வந்தவரோ அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்.

ஆனாலும் எல்லா வருகையும் அப்படி முடிவதில்லை. நான் கண்ட ஒன்றை இந்த மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சம்பூர் மக்கள் பல ஆண்டுகள் கழித்துத் தங்கள் காணிகளுக்குத் திரும்பிவந்த காலம் அது. வெளிநாட்டுத் திருச்சபை ஒன்றிலிருந்து சில பெண்கள் நமது மாவட்டத்திற்கு வந்திருந்தார்கள். அவர்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற தாதி. வயது எழுபதை நெருங்கும். மொழிபெயர்க்க என்னைக் கூட வரச் சொன்னார்கள். 2009 இல் திறந்த கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி வாகனம் போனது. அந்த அம்மா மடியில் ஒரு கொப்பி வைத்திருந்தார். வீடுகளில் என்ன பேச வேண்டும், என்ன ஜெபிக்க வேண்டும் என்றெல்லாம் அதில் வரிசையாக எழுதியிருந்தார்.

நாங்கள் போன வீட்டில் தகரக் கூரை, பாதிச் சுவர், புதிதாக நட்ட இரண்டு தென்னம்பிள்ளைகள். வீட்டுக்காரப் பெண் அம்மன் கோவிலுக்குப் போய் வந்து நெற்றியில் திருநீறோடு நின்றார். அவருடைய கணவர் 2006 இலிருந்து இல்லை. பாய் விரித்து, "இருங்கோ அம்மா" என்றார். பிளேன்டீயும் பனங்கட்டியும் வந்தன. வந்தவர் கொப்பியைத் திறக்கும் முன்பே வீட்டுக்காரி ஒரு கேள்வி கேட்டார்.

"உங்களுக்கு எத்தனை பிள்ளைகள் அம்மா?"

நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஒரே மகன். இறந்துவிட்டான்" என்றார். அவர் கண் கலங்கியது. வீட்டுக்காரி எழுந்து அவர் பக்கத்தில் போய் அமர்ந்து, கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "என்ர ஆளுக்கும் சேர்த்து நான் விளக்கு வைக்கிறன். இனி உங்கட பிள்ளைக்கும் வைக்கிறன். பேரைச் சொல்லுங்கோ" என்றார். பேரைக் கேட்டு இரண்டு தரம் சொல்லிப் பார்த்து மனதில் வைத்துக்கொண்டார்.

கொப்பி அன்று முழுவதும் திறக்கப்படவேயில்லை.

மறுநாள் மூதூருக்குப் போனோம். இடியப்பம் அவித்து விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்த ஒரு முஸ்லிம் தாயைச் சந்தித்தோம். 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கந்தளாய்ப் பக்கம் போனார்களே, அவர்களோடு நடந்தவர் அவர். "வழியில் என் பிள்ளைக்குத் தண்ணீர் தந்த மனிசியின் பேரும் தெரியாது, பாஷையும் தெரியாது. ஒவ்வொரு தொழுகையிலும் அவவுக்காக துஆ கேட்கிறேன்" என்றார். "எங்களுக்கு உதவ நீங்கள் வந்தீங்க. உங்கட வீட்டில யார் சுகமில்லாமல் இருக்கிறாங்க? அவங்களுக்கும் கேட்கிறேன்" என்று சேர்த்துச் சொன்னார்.

திரும்பி வரும்போது தாதி அம்மா என்னிடம் ஒன்று சொன்னார். தைரியம் கொடுக்க வேண்டும் என்று எண்ணித்தான் இவ்வளவு தூரம் வந்தாராம். தைரியத்தை வாங்கிக்கொண்டுதான் போகிறாராம். ஊருக்குப் போன பிறகு அவர் இரண்டு கடிதங்கள் எழுதினார். இரண்டிலும் அந்த இரண்டு பெண்களின் பெயரையும் சொல்லிச் சுகம் கேட்டிருந்தார்.

சகோதரிகளே, கடல் கடந்து வந்து நம் பெண்களோடு அமர்ந்த பெண்களின் வரலாறு இந்த நாட்டில் இருநூறு ஆண்டுப் பழமையானது. வந்தவர்கள் தம் சமயத்தைப் பரப்பவே வந்தார்கள். அதைப் பற்றி நமக்கு வேறு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் அவர்களுள் யார் நிலைத்த நன்மை செய்தார்கள் என்று பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது.

அமெரிக்காவிலிருந்து வந்த ஹரியற் வின்ஸ்லோ அம்மையார் 1824 இல் யாழ்ப்பாணத்து உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பாடசாலை தொடங்கினார். பெண் எழுதப் படித்தால் குடும்பத்திற்கு ஆகாது என்று பலர் நம்பிய காலம் அது. பிள்ளைகளை அனுப்பத் தாய் தகப்பன் தயங்கினார்கள். அம்மையார் 1833 இல் 36 வயதிலேயே இறந்துபோனார். பாடசாலை இறக்கவில்லை. அதுதான் இன்றைய உடுவில் மகளிர் கல்லூரி.

அந்தப் பாடசாலைக்கு 1840 இல் வந்து சேர்ந்தவர் எலைசா அக்னியூ என்ற மணமாகாத பெண். சிறுபிள்ளையாகப் பள்ளியில் பூமிசாத்திரம் படித்த நாளிலேயே தூர தேசம் போக நினைத்தவராம். ஆனால் பெற்றோரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர்கள் காலமான பிறகே, முப்பது வயது கடந்து, கப்பல் ஏறினார். 1883 இல் மானிப்பாயில் கண் மூடும்வரை 43 ஆண்டுகளில் ஒரு முறைகூடச் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. முதலில் படித்த பிள்ளைகளின் மகள்மாரும், அவர்களின் மகள்மாரும் அவரிடம் படித்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள்! பிள்ளை பெறாத அவரை 'ஆயிரம் மகள்மாரின் தாய்' என்று அழைத்தார்கள்.

அவர் செய்தது என்ன? இருந்தார். அதுதான் பெரிய வேலை. வந்து, பார்த்து, போகவில்லை. பேரப்பிள்ளையின் முகத்தில் பாட்டியின் சாயலைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு இருந்தார்.

இன்னொருவர் கதை வேறு விதமானது. கனடாவில் பிறந்து வைத்தியம் படித்த மேரி இர்வின், இணுவிலில் பெண்களுக்கான மிஷன் வைத்தியசாலையில் வேலை செய்வதற்காகத் தெரிவு செய்யப்பட்டவர். அந்தக் காலத்தில் ஆண் வைத்தியரிடம் உடம்பைக் காட்டக் கூசி உயிர் விட்ட பெண்கள் பலர். ஆகவே பெண் வைத்தியர் கட்டாயம் தேவைப்பட்டார். வரும் வழியில் அவர் ஓர் இலங்கைத் தமிழரைச் சந்தித்து 1896 இல் மணந்துகொண்டார். தமிழரை மணந்த காரணத்தால் மிஷனில் அவருக்கென இருந்த வேலை கிடைக்காமற் போனது. சேவை செய்ய வந்த இடத்தில் கதவு மூடிக்கொண்டது!

அவர் அழுதுகொண்டு திரும்பிப் போகவில்லை. கொழும்பில் தங்கிப் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்த்தார். பெண்களுக்கு வாக்குரிமை கேட்ட சங்கத்தில் முன் நின்றார். அந்த உரிமை 1931 இல் நம் கைக்கு வந்தது. அவர்தான் டாக்டர் மேரி இரத்தினம். 1937 இல் கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதல் பெண்ணும் அவரே. 1958 இல் மக்சேசே விருது பெற்றார்.

அவர் செய்தவற்றுள் நமக்கு மிகவும் கிட்டியது ஒன்று உண்டு. 1930 இல் லங்கா மகிளா சமிதியைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களைச் சங்கமாகச் சேர்த்தார். அந்த யோசனை எங்கிருந்து வந்தது தெரியுமா? கனடாவின் கிராமத்துப் பெண்களிடமிருந்து. அங்கே அடலெயிட் ஹூட்லெஸ் என்ற ஒரு தாய் 1889 இல் தன் குழந்தையைப் பறிகொடுத்தார். சுத்தமற்ற பால்தான் காரணம் என்று அறிந்தார். 'எனக்குத் தெரிந்திருந்தால் என் பிள்ளை பிழைத்திருக்குமே' என்ற துயரத்தோடு மூலையில் முடங்காமல், வீட்டுச் சுகாதாரத்தைப் பெண்கள் கற்க வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். 1897 இல் ஸ்ரோனி கிறீக் என்ற ஊரில் முதலாவது மாதர் சங்கம் உருவானது. ஒரு தாயின் கண்ணீர் கனடாவில் சங்கமாகி, கடல் கடந்து வந்து, இலங்கைக் கிராமங்களில் பெண்களைப் பாயில் வட்டமாக அமர வைத்தது. இன்று நீங்கள் மாதர் சங்கத்தில் சேமிப்புப் புத்தகத்தைத் திறக்கும்போது இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

நமது திருகோணமலையையும் மறந்துவிடக் கூடாது. 1920களில் அப்போஸ்தலிக்க கார்மேல் சபைச் சகோதரிகள் இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்து இங்கே பெண்பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கத் தொடங்கினார்கள். அதே காலத்தில், 1923 இல், தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரியைத் தொடக்கி வைத்தார். ஒரு தரப்பு வெளியிலிருந்து வந்தது. மற்றவர் இந்த மண்ணின் பெண். இரு தரப்புக்கும் கடவுள் நம்பிக்கை இருந்தது. பெண்பிள்ளை படிக்க வேண்டும் என்ற நம்பிக்கையும் இருந்தது. இத்தனை யுத்தத்தையும் தாண்டி இந்தக் கல்விப் பணி நின்று நிலைத்திருக்கிறது.

ஆகவே அன்று என்னிடம் கேள்வி கேட்ட சகோதரிக்கு என் பதில் இதுதான். நீங்கள் காட்சிப்பொருள் அல்ல. உங்களிடம் வருகிறவர் வெறுங்கையோடு திரும்பிப் போக வேண்டியதில்லை. இழப்பின் நடுவிலும் விளக்கேற்றுகிற, மெழுகுதிரி கொளுத்துகிற, ஐவேளை தொழுகிற பெண்ணிடம் கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது. அதற்காக வீடு கட்டும் உதவியும், காணாமற் போனவர் பற்றிய பதிலும் கேட்காமல் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவை உங்கள் உரிமை. கேளுங்கள். கேட்கும்போது தலையை நிமிர்த்திக் கேளுங்கள்.

படம் எடுக்க விருப்பமில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். கதை சொல்ல மனமில்லாத நாளில் சொல்லாமல் இருக்கலாம். வந்தவரின் பெயரையும், அவர் ஏன் வந்தார் என்பதையும் நீங்களும் கேட்கலாம். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இனி ஒரு வேண்டுகோள். இன்னொரு பெண்ணைப் போய்ப் பார்ப்பதற்குக் கப்பலும் விமானமும் தேவையில்லை. இந்த மாதம் ஒரு வீட்டிற்குப் போய் வாருங்கள். முடிந்தால் வேறு சமயத்துச் சகோதரியின் வீடாக அது இருக்கட்டும். போகும்போது இவற்றை மனதில் வையுங்கள்:

1. கேள்விப் பட்டியல் வேண்டாம். பாயில் சமமாக அமருங்கள்.
2. அவர் தருகிற தண்ணீரைக் குடியுங்கள். வாங்கிக்கொள்வதும் ஓர் உபகாரமே.
3. செய்ய முடியாததைச் செய்வதாகச் சொல்லாதீர்கள்.
4. கேட்டதை வேறு வாசலில் சொல்லாதீர்கள்.
5. திரும்பவும் போங்கள். இரண்டாம் முறை போகிறபோதுதான் முதல் முறை போனதற்கு அர்த்தம் வரும்.

சம்பூர் வீட்டின் அந்தத் தென்னம்பிள்ளைகள் இப்போது என்னைவிட உயரம். போன மாதம் நான் போனபோது சாமித்தட்டில் இரண்டு விளக்குகள் எரிந்தன. ஒன்று யாருக்கென்று எனக்குத் தெரியும். மற்றதைக் காட்டி அந்தச் சகோதரி, கடல் கடந்த ஒரு பிள்ளையின் பெயரைப் பிழையில்லாமல் சொன்னார்.

உங்கள் வாசலுக்கும் நல்ல மனிதர்கள் வரட்டும். நீங்களும் யாரோ ஒருவரின் வாசலுக்கு நல்ல மனிதராகப் போய் வாருங்கள். மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.