கேட்கப்படாத கோரிக்கை

 

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் மயிலாப்பூர்ச் சந்துகளுக்கும் ஒரு தனிக் களை பிறந்துவிடும். மற்ற நாட்களில் எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் கைகூப்பியபடி வாசலுக்கு வந்து நிற்பார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலின்போதும் அப்படித்தான் வந்தார்கள். தெருப் பெண்கள் சூழ்ந்துகொண்டு கோரிக்கைகளை அடுக்கினார்கள். தண்ணீர் லாரி ஒழுங்காக வரவேண்டும். மழை பெய்தால் சாக்கடை வீட்டுக்குள் நுழையாமலிருக்க வேண்டும். ரேஷன் கடையில் அளவு சரியாக இருக்க வேண்டும். எல்லாமே நியாயமான கோரிக்கைகள்.

அந்தக் கூட்டத்தில் சேராமல், பாதி திறந்த கதவருகே ஒரு தாய் மட்டும் முக்காட்டை இழுத்துப் பிடித்தவாறு நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை அடிக்கடி வீட்டின் உள்ளறைப் பக்கம் போய் வந்தது. அந்த அறைக்கு வெளியில் தாழ்ப்பாள். உள்ளே இருபத்திரண்டு வயது மகன்!

அன்று அஸர் தொழுகைக்குப் பின் அந்தத் தாய் என் வீட்டுக்கு வந்து, என் மனைவியை அருகில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாரும் தண்ணி கேட்டாங்க, ரோடு கேட்டாங்க ஹஜ்ரத்! நான் என்னத்தக் கேக்குறது? நாலு பேர் முன்னால வாயத் தொறந்தா, நாளைக்கு என் பொண்ணைக் கேட்டு யாரு வருவா?"

அந்தக் கேள்வி இன்றுவரை என் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. ஏனென்றால், அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. மகன் யாரிடமும் பேசாமல் ஒடுங்கிப்போன நாளிலிருந்து, யாரோ தன்னைப் பின்தொடர்வதாக அலறத் தொடங்கிய நாள் வரை, ஏறத்தாழ இரண்டாண்டுகள் அந்தத் தாய் என்னிடம் தண்ணீர் ஓதி வாங்கிச் சென்றார். நானும் ஓதிக் கொடுத்தேன். 'மருத்துவரிடமும் காட்டுங்கள் அம்மா' என்ற ஒரு வாக்கியத்தை அத்துடன் சேர்த்துக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. ஓதியது தவறல்ல, ஓதியதோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு!

நாம் மறந்த மரபு

நோயை இறக்கிய இறைவன் அதற்குரிய நிவாரணத்தையும் இறக்கியிருக்கிறான் என்பது பெருமானார் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்த பாடம். அந்தப் பாடத்தை உடல் நோயோடு மட்டும் நம் முன்னோர் நிறுத்திக்கொள்ளவில்லை. கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து எழுதினார். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்கென்று தனிப்பகுதி இருந்தது. 1354-இல் அலெப்போ நகரில் நிறுவப்பட்ட மருத்துவமனையில், அவர்கள் மனம் அமைதியுறும் பொருட்டு முற்றங்களும் நீரூற்றுகளும் அமைத்திருந்தார்கள்.

இத்தகைய மரபில் வந்த நம் மண்ணில் நடந்தது என்ன? 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். எழுந்து ஓட வழியில்லை. 28 உயிர்கள் கருகின. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்! பாதுஷா நாயகத்தின் தர்காவில் துஆ செய்தால் குணமாகும் என்று நம்பி உறவினர் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். முஸ்லிம்கள் மட்டுமல்லர், எல்லாச் சமயத்தவரும் அவர்களுள் இருந்தனர். துஆவைக் குறை சொல்வதற்கு இங்கே இடமில்லை. மருந்து எட்டாத இடத்தில் சங்கிலி எட்டியது என்பதே நாம் உணர வேண்டிய உண்மை.

பின்னாளில் குஜராத்திலுள்ள உனாவா மீரா தாதார் தர்காவிலும், ஏர்வாடியிலும், 'தவாவும் துஆவும்' என்று, பிரார்த்தனைக்கு வருபவர்களுக்கு அங்கேயே மருத்துவமும் கிடைக்க ஏற்பாடு செய்யப்பட்டது. இவ்விரண்டும் பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டம் இருக்கிறது, கேட்பவர் எங்கே?

'அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்' என்பார்கள். நம் மாநிலத் தேர்தல் வரலாறு இப்பழமொழிக்கு எழுதிய உரைதான்! 2006-இல் வண்ணத் தொலைக்காட்சி, 2011-இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி, 2021-இல் குடும்பத் தலைவியருக்கு மாதம் 1000 ரூபாய் என்று வாக்குறுதிகள் வந்தன. வீடுகளுக்கும் வந்து சேர்ந்தன. மக்கள் விரும்புவது இன்னதென்று தெரிந்தால் அரசியல்வாதி அதைத் தேடிக்கொண்டு வருவார். ஆனால் உள்ளறையில் தாழிடப்பட்ட துயரம் அவர் காதில் எப்படி விழும்?

2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, நம் நாட்டின் வயது வந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனுமொரு மனநலக் குறைபாட்டுடன் வாழ்கிறார்கள். அவர்களில் பெரும்பான்மையோருக்குச் சிகிச்சையே எட்டவில்லை. பத்தில் ஒருவர் என்றால், நம் மஹல்லாவில் எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பாருங்கள்!

சட்டம் இல்லாமலில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மருத்துவ நிலையங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவருக்கும் உரிமையாக்கியிருக்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோருக்குச் சிகிச்சை இலவசம் என்கிறது. நோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. உடல் நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வேண்டுமென்கிறது. ஏட்டிலுள்ள இந்த உரிமைகள் வீட்டுக்கு வரவேண்டுமானால், கேட்பவர் வேண்டும்.

அந்தத் தாயின் மகனை ஒருவாறு அரசு மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். மருத்துவர் அன்பாகத்தான் பேசினார். ஆனால் அறைக்கு வெளியே வரிசை நீண்டு கிடந்தது. பதினைந்து நாளுக்கு மட்டும் மாத்திரை தந்தார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டும். தையல் வேலை செய்யும் தந்தைக்கு அன்றைய கூலி போய்விடும். இருமுறை மாத்திரை இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். அந்த இடைவெளியில் பையனுக்கு நோய் மறுபடி முற்றியது.

ஆகவே, நாம் கேட்க வேண்டியவை பெரிய மாளிகைகள் அல்ல. வீட்டுக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மாதம் முழுவதற்கும் மருந்து கிடைக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாளேனும் மனநல மருத்துவர் அங்கே வரவேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் மனக்கவலையைக் கேட்க ஓர் ஆலோசகர் வேண்டும். தனியார் காப்பகங்களை அதிகாரிகள் முறையாகச் சோதிக்க வேண்டும். குணமடைந்தவருக்கு ஒரு தொழிலும், பராமரிக்கும் தாய்க்குச் சிறிது ஓய்வும் வேண்டும்.

அவர்களுக்கும் வாக்குண்டு

'மனநோயாளிக்கு ஏது ஓட்டு?' என்று சிலர் கேட்கலாம். ஒருவர் சித்த சுவாதீனமற்றவர் என்று நீதிமன்றம் அறிவித்தாலன்றி அவரது வாக்குரிமை பறிபோவதில்லை. 2019 நாடாளுமன்றத் தேர்தலில், கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் தங்கியிருந்தோரில் 150-க்கு மேற்பட்டோர் வாக்களித்தனர். 1794-இல் தொடங்கி, 1871-இல் இன்றைய இடத்திற்கு வந்த பழம்பெரும் நிலையம் அது. ஊரார் பைத்தியமென்று ஒதுக்கியவர்கள் விரலில் மை இட்டுக்கொண்டு வந்தார்கள். நல்ல புத்தியுள்ள நாமோ, அவர்களுக்காக ஒரு வார்த்தை கேட்கக் கூசுகிறோம்!

அறிவு பிறழ்ந்தவருக்குத் தொழுகையும் நோன்பும் கடமையில்லை என்று மதரஸாவில் நான் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். அவர் தோளிலிருந்து இறங்கிய சுமை எங்கே போனது? அவரைப் பராமரிக்கும் பொறுப்பாக அது நம் தோளில் ஏறியிருக்கிறது என்பதை இப்போதுதான் மாணவர்களுக்குச் சேர்த்துச் சொல்கிறேன்.

தேர்தல் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். மனம் கலங்கித் தவிப்பவர்கள் 14416 என்ற அரசுத் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். தற்கொலை எண்ணத்தில் துவள்வோருக்குச் செவிசாய்க்கும் 'சிநேகா' அமைப்பு 1986 முதல் நம் சென்னையிலேயே தொண்டாற்றி வருகிறது.

அந்தப் பையன் இப்போது தந்தையுடன் தையல் கடைக்குச் சென்று, காஜா எடுத்துக் கொடுக்கிறான். மாத்திரை தொடர்கிறது, என் துஆவும் தொடர்கிறது. உள்ளறையின் வெளித் தாழ்ப்பாளைத் தந்தையே கழற்றிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ்! அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவரிடம் தானே பேசப்போவதாக அந்தத் தாய் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். அவர் தனியாக நின்று பேசும்படி விட்டுவிடாதீர்கள். தண்ணீரும் சாலையும் கேட்கும்போது, அருகில் நின்று இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

நோயுற்ற உள்ளங்களுக்கெல்லாம் வல்ல அல்லாஹ் பரிபூரண ஷிஃபாவை அருள்வானாக! ஆமீன்.