பாவை விளக்கும் ஒரு பணியிடமும்

திருவண்ணாமலையில் ரமணாசிரமம் பகுதியில் வசிப்பவர்களுக்கு வெளிநாட்டவர் புதியவர்கள் அல்லர். 1935இல் வந்து இங்கேயே தங்கிவிட்ட மேஜர் சாட்விக், ஆக்ஸ்போர்டில் படித்தவரும் 1964இல் ஆசிரமத்தின் 'மவுண்டன் பாத்' இதழைத் தொடங்கியவருமான ஆர்தர் ஆஸ்போர்ன் என்று அந்த வரிசை நீளமானது. ரமணரின் நூல்களை மூலத்திலேயே வாசிக்க வேண்டும் என்பதற்காகத் தமிழ் கற்றவர்களும் அவர்களுள் உண்டு. நம்முடைய ஒன்றை அறிய அவர்கள் பட்ட பாட்டை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். அவர்களுடைய ஒன்றை நாம் அறிய என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம் என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை.

இந்தப் பெரிய கேள்வியின் ஒரு சிறு மூலையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டின் ஏதேனும் ஒரு பல்கலைக்கழகத்தில், பண்டைக் கிரேக்கக் கலை வரலாற்றைத் தமிழில் கற்பிக்க ஒரு விரிவுரையாளர் பணியிடம் வேண்டும். இதைக் கேட்டவுடன் சிரிப்பு வருவது இயல்பே. ஆனால் இந்தத் தேவை தமிழ் வகுப்பறைக்குள்ளிருந்துதான் எழுகிறது.

நெடுநல்வாடையில் பாண்டியனின் அரண்மனையை வருணிக்கும் நக்கீரர், யவனர் செய்த, கையில் அகலேந்திய பாவை ஒன்றைக் காட்டுகிறார். பெரும்பாணாற்றுப்படையில் யவனரின் அன்ன விளக்கு வருகிறது. முல்லைப்பாட்டில் பாசறைக் காவலுக்கு யவனர் நிற்கிறார்கள். முதுகலை வகுப்பில் இவ்விடங்களை நாம் எப்படிக் கடக்கிறோம்? 'யவனர் என்றால் கிரேக்கர், உரோமர்' என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறோம். மாணவர் மனத்தில் எழும் உருவம் கோயிலில் பார்த்த தீபலட்சுமிதான். அவரைக் குறை சொல்ல முடியாது. வேறொன்றை யாரும் அவருக்குக் காட்டியதில்லை.

காட்ட முடியாத பொருளும் அன்று அது. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரில், 1925இல் ஒரு வெண்கல இளைஞன் சிலை கிடைத்தது. கிரேக்க பாணியில் வார்க்கப்பட்ட அச்சிலை, வீட்டில் விளக்குத் தாங்கியாகப் பயன்பட்டது. அதே பொம்பெயியில் 1938இல் இந்தியத் தந்தச் சிற்பம் ஒன்றும் கிடைத்தது. 'பொம்பெயி இலக்குமி' என்று அதை அழைக்கிறார்கள். இரண்டும் இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. அங்கிருந்து விளக்கேந்தும் உருவம் இங்கே வந்ததற்குப் பாட்டு சான்று. இங்கிருந்து பெண்ணுருவம் அங்கே போனதற்குத் தந்தம் சான்று. நம் பாவை விளக்கு மரபுக்கும் யவனப் பாவைக்கும் தொடர்பு உண்டா இல்லையா என்பது நல்ல ஆய்வுக் கேள்வி. 'உண்டு' என்று துள்ளுவதற்கு ஆர்வம் போதும். 'இல்லை' என்று நிறுவுவதற்கு இரண்டு மரபையும் படித்தவர் வேண்டும்.

இரண்டையும் படித்தவர்கள் என்ன செய்ய முடியும் என்பதற்குத் தமிழரிடமே முன்னுதாரணங்கள் உண்டு. ஈழத்துக் கைலாசபதி பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் ஆய்வு செய்தார். 1968இல் நூலாக வந்த அந்த ஆய்வு, சங்கப் பாடல்களை ஹோமரின் வாய்மொழி மரபோடு வைத்துப் பார்த்தது. அதன் முடிவுகளை ஏற்பவரும் மறுப்பவரும் இருக்கலாம். அதைத் தொடாமல் சங்க இலக்கியம் பற்றி வாதாட முடியாத நிலையை அது உண்டாக்கியது.

கலைத்துறையில் ஆனந்த குமாரசுவாமி இருக்கிறார். புத்தர் உருவம் காந்தாரத்தில் கிரேக்கச் செல்வாக்கால் பிறந்தது என்று பிரெஞ்சு அறிஞர் ஃபூஷே எழுதியபோது, மதுராவின் சிற்பிகள் யட்ச உருவங்களிலிருந்து தாமே அதை வடித்தெடுத்தார்கள் என்று 1927இல் குமாரசுவாமி வாதிட்டார். அந்த வாதத்தின் வலிமை இந்தியப் பற்றிலிருந்து மட்டும் வந்ததன்று. எதை மறுக்கிறோமோ அதை நன்கு அறிந்திருந்ததிலிருந்து வந்தது.

நம் வரலாற்றுக் காலக்கணக்கும் இதில் சிக்கியிருக்கிறது. 1945இல் அரிக்கமேட்டில் அகழ்ந்த மார்ட்டிமர் வீலர், இத்தாலியின் அரிட்டைன் பானை ஓடுகளைக் கொண்டே அங்கிருந்த மண்ணடுக்குகளுக்கு ஆண்டு குறித்தார். தென்னிந்தியத் தொல்லியலுக்கு அது ஒரு முளைக்குச்சி ஆயிற்று. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினர் மீண்டும் அகழ்ந்து, அக்குடியிருப்பின் தொடக்கத்தை முன்னுக்குத் தள்ளினர். அங்கே கிடைத்த மதுச்சாடிகளுள் சில கிரேக்கத்தின் கோஸ் தீவைச் சேர்ந்தவை என்று இனங்கண்டவர் எலிசபெத் லைடிங் வில் என்ற அமெரிக்கர். நம் நிலத்தில் தோண்டிய ஓட்டின் வயதை நமக்குச் சொல்ல ஒவ்வொரு முறையும் வெளியிலிருந்து ஒருவர் தேவைப்பட்டிருக்கிறார். சங்க காலத்தின் தொன்மை பற்றி மேடைதோறும் பேசும் நமக்கு இது உறுத்த வேண்டாமா?

மறுப்புகளை அறிவேன். அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ் வகுப்புகளே கௌரவ விரிவுரையாளர்களின் குறைந்த தொகுப்பூதியத்தில் நடக்கும்போது கிரேக்கச் சிற்பத்துக்கு ஆள் கேட்பது ஆடம்பரம் இல்லையா? அருணாசலேசுவரர் கோயில் கோபுரச் சிற்பத்தையே கற்பிக்காதவர்களுக்கு ஏதென்ஸ் எதற்கு? முதல் கேள்வி நியாயமானது. அந்த இடங்களும் நிரப்பப்பட வேண்டும் என்பதே அதற்கு விடை. ஒரு பற்றாக்குறையைக் காட்டி இன்னொன்றை நிலைப்படுத்த வேண்டியதில்லை. இரண்டாவது கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. ஒன்றை மட்டுமே பார்த்த கண் அதையும் சரியாகப் பார்ப்பதில்லை. தசையையும் எலும்பையும் அளந்து கல்லில் வைத்த ஒரு மரபைப் பார்த்தவருக்குத்தான், நம் சிற்பி அவற்றை வேண்டுமென்றே விலக்கி எதைத் தேடினான் என்ற கேள்வி எழும்.

பணம் இல்லை என்பதும் முழு உண்மையன்று. ஹார்வர்டில் தமிழ் இருக்கைக்காக உலகத் தமிழர்கள் 60 லட்சம் டாலர் திரட்டினார்கள். தமிழ்நாடு அரசு மட்டும் 10 கோடி ரூபாய் கொடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் நம்மைப் பிறர் படிப்பதற்கு இவ்வளவு செலவிட்ட நாம், பிறரை நாம் படிப்பதற்கு அதில் ஒரு சிறு பங்கையாவது ஒதுக்கக் கூடாதா?

ஒரு பணியிடம், ஐந்து ஆண்டுகள் போதும். அவர் தமிழில் ஒரு பாடநூல் எழுதட்டும், கலைச்சொற்களை உருவாக்கட்டும். மூலச் சிலைகள் இல்லாமலும் இதைக் கற்பிக்கலாம். கேம்பிரிட்ஜில் 450க்கும் மேற்பட்ட சாந்துப் பிரதிகளைக் கொண்டே ஓர் அருங்காட்சியகம் நடக்கிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ சென்னைப் பல்கலைக்கழகத்திலோ ஓர் அறையும் இருபது பிரதிகளும் தொடக்கத்துக்குப் போதும். நெடுநல்வாடை நடத்தும் ஆசிரியர் ஒருநாள் தம் மாணவர்களை அங்கே அழைத்துச் சென்று, அந்த அடியை ஒரு சிலையின் முன் நிறுத்திப் படிக்கட்டும்.