வெளிநாட்டில் வாடகை வீடும் உள்நாட்டில் முகவரியும்

கொச்சிக்கடையில் மா ஓயாவைக் கடந்ததும் புத்தளம் மாவட்டத்தின் கரையோரம் ஆரம்பமாகின்றது. வென்னப்புவ, மாரவில பகுதிகளில் வீதியின் இருமருங்கிலும் எழுந்து நிற்கும் மாடி வீடுகளைக் காண்போர் அப்பிரதேசத்தை 'குட்டி இத்தாலி' என அழைப்பதில் வியப்பேதுமில்லை. அங்கிருந்து வடக்கே சிலாபம், உடப்பு, முந்தல், புத்தளம், கற்பிட்டி எனத் தமிழரும் முஸ்லிம்களும் வாழும் ஊர்கள் தொடர்கின்றன. இவ்வூர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகவும் சாரதிகளாகவும் தொழிலாளர்களாகவும் சென்றோர் ஏராளம். இத்தாலியாயினும் சவூதியாயினும், எம்மவர் அங்கு காலடி வைத்ததும் எதிர்கொள்ளும் முதற்கேள்விகளுள் ஒன்று, "யாருடைய வீட்டில் தங்கியிருக்கின்றீர்?" என்பதாகும்.

இக்கேள்விக்கான பதிலைப் பல நாடுகளில் குடியிருப்பவர் தாமாகவே அளித்துவிட முடியாது. வீட்டின் உரிமையாளரே அதனை அரசுக்கு அறிவித்தல் வேண்டும். அவர் அறிவிக்கத் தவறினால் அல்லது மறுத்தால் அதன் விளைவைக் குடியிருப்பவரே சுமக்க நேரிடுகின்றது. வீசா, சம்பளம், முகவர் மோசடி என்பன பற்றிப் பேசப்படும் அளவிற்கு இவ்விடயம் எமது நாட்டில் பேசப்படுவதில்லை. ஆகையால் இதனைச் சற்று விரிவாக நோக்குவது பொருத்தமெனக் கருதுகின்றோம்.

இத்தாலியை முதலில் எடுத்துக்கொள்வோம். 1998ஆம் ஆண்டின் 286ஆம் இலக்கச் சட்டவாணையின் 7ஆவது உறுப்புரையின்படி, வெளிநாட்டவர் ஒருவருக்குத் தங்குமிடம் அளிக்கும் எவரும் 48 மணித்தியாலத்திற்குள் அதனை உள்ளூர்ப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கு எழுத்துமூலம் அறிவித்தல் வேண்டும். தங்க வருபவர் உறவினராயினும் விலக்கில்லை. உடன்பிறந்த தம்பியை வீட்டில் வைத்திருக்கும் அண்ணனும் அறிவித்தேயாக வேண்டும். தவறினால் 160 யூரோ முதல் 1,100 யூரோ வரை தண்டப்பணம் விதிக்கப்படலாம். இதற்கு மேலாக, 2008ஆம் ஆண்டு கொண்டுவரப்பட்ட சட்டம், வதிவிட அனுமதியற்றவர்களுக்கு அநியாய இலாபம் கருதி வீடு கொடுப்போருக்கு 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறைத்தண்டனையும் வீட்டைப் பறிமுதல் செய்வதற்கும் இடமளிக்கின்றது.

சுரண்டலைத் தடுக்கும் நோக்கில் இயற்றப்பட்ட இச்சட்டம் நடைமுறையில் இன்னொரு முகத்தையும் காட்டுகின்றது. வரி செலுத்த விரும்பாத உரிமையாளர் ஒப்பந்தம் எழுத மறுக்கின்றார். ஒப்பந்தமும் அறிவித்தலும் இல்லாதவரால் தமது வதிவிடத்தை ஒழுங்காகப் பதிவுசெய்ய முடிவதில்லை. வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பதிலும், மனைவி மக்களை அழைத்துக்கொள்வதிலும் இது தடையாக வந்து நிற்கின்றது. விளைவு, முகவரியே விலைபொருளாகின்றது. ஓரிடத்தில் உறங்குவதற்கும் மற்றோரிடத்தின் பெயரைப் பாவிப்பதற்கும் தனித்தனியே பணம் கொடுப்பவர்கள் இருக்கின்றனர். பொய்யான முகவரி அம்பலமானால் அனுமதியே இரத்தாகும் அபாயமும் அவர்களுக்கே உரியது.

தாய்லாந்தின் அனுபவமும் கவனத்திற்குரியது. அந்நாட்டின் 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 38ஆவது பிரிவு, வெளிநாட்டவர் வந்து சேர்ந்த 24 மணித்தியாலத்திற்குள் வீட்டுக்காரர் அதனை அறிவிக்க வேண்டுமெனக் கூறுகின்றது. பல்லாண்டுகளாகப் பெரிதாகக் கவனிக்கப்படாதிருந்த இவ்விதி 2019ஆம் ஆண்டு கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டது. பிழை வீட்டுக்காரருடையதாயினும், வீசா நீடிப்பிற்காகக் கருமபீடத்தின் முன் நின்ற வெளிநாட்டவரிடமே கேள்வி கேட்கப்பட்டது. உரிமையாளர் செலுத்த வேண்டிய தண்டத்தைத் தாமே செலுத்திக் காரியத்தை முடித்துக்கொண்டோர் பலர். எதிர்ப்புகள் வலுத்ததையடுத்து 2020ஆம் ஆண்டு சில தளர்வுகள் செய்யப்பட்டன. சட்டத்தின் அடிப்படை மாத்திரம் மாறவில்லை.

பிரித்தானியாவிலோ இக்கடமை அறிவித்தல் என்ற நிலையைத் தாண்டிச் சோதனை என்ற நிலைக்குச் சென்றுவிட்டது. 2014ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் கீழ், 2016 பெப்ரவரி முதலாம் திகதியிலிருந்து இங்கிலாந்து முழுவதும் வீட்டு உரிமையாளர்கள் தம்மிடம் குடிவருவோரின் குடிவரவு நிலையைப் பரிசோதிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டனர். அனுமதியற்ற ஒருவருக்கு வீடு கொடுத்தால் முதற்தடவையில் விதிக்கப்படும் தண்டம், 2024 பெப்ரவரியில், குடியிருப்பாளர் ஒருவருக்கு 1,000 பவுணிலிருந்து 10,000 பவுண் வரை உயர்த்தப்பட்டது. மீண்டும் தவறிழைத்தால் அது 20,000 பவுண் வரை செல்லும்.

இத்தகைய தண்டத்திற்கு அஞ்சும் உரிமையாளர் என்ன செய்வார்? ஆவணங்களை நுணுகி ஆராய்வதைவிட, பெயரையும் நிறத்தையும் பார்த்துக் கதவைச் சாத்துவது அவருக்கு இலகுவானது. குடிவரவாளர் நலன்களுக்கான அமைப்பொன்று 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், பிரித்தானியக் கடவுச்சீட்டு இல்லாதவருக்கு வீடு கொடுக்கும் வாய்ப்புக் குறைவென 42 சதவீதமான உரிமையாளர்கள் தெரிவித்திருந்தனர். இத்திட்டம் பாரபட்சத்திற்கு வழிவகுக்கின்றதென 2019 மார்ச்சில் மேல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2020 ஏப்ரலில் மேன்முறையீட்டு நீதிமன்றமோ பாரபட்சம் நிகழ்வதை ஏற்றுக்கொண்டபோதிலும், திட்டம் நியாயப்படுத்தத்தக்கது எனக் கூறி அத்தீர்ப்பை மாற்றியது. இலண்டனில் வீடு தேடும் எமது இளைஞன் செல்லுபடியான வீசாவைக் கையில் வைத்திருந்தும் திருப்பி அனுப்பப்படக்கூடிய சூழ்நிலை இதுவே.

வளைகுடா நாடுகளில் நிலைமை வேறுவிதமானது. துபாயில் 2010 முதல் வாடகை ஒப்பந்தங்கள் அனைத்தும் 'இஜாரி' முறையில் பதிவுசெய்யப்பட வேண்டும். 2022ஆம் ஆண்டு முதல் உடன் தங்குவோரின் விபரங்களையும் பதியுமாறு பணிக்கப்பட்டது. ஓர் அறையைப் பலர் பகிர்ந்து கட்டிலுக்கு வாடகை செலுத்தும் தொழிலாளிக்கு இப்பதிவு எட்டாக்கனியாகவே உள்ளது. சவூதியில் வீட்டுப் பணிப்பெண்ணின் முகவரி அவரது கபீலின் வீடேயாகும். கொடுமை தாளாது அவ்வீட்டை விட்டு வெளியேறினால், அவர் 'ஹுரூப்' என, அதாவது ஓடிப்போனவர் என, முறையிடப்படும் ஆபத்து உண்டு. கூரையை இழக்கும் அதே கணத்தில் சட்டபூர்வ நிலையையும் இழந்துவிடும் பெண்கள், ஊர் திரும்புவதற்காகத் தூதரகத்தின் வாசலில் காத்திருந்த கதைகள் புத்தளத்து வீடுகளுக்குப் புதியனவல்ல.

தனது எல்லைக்குள் யார், எங்கு வசிக்கின்றார் என்பதை அறிந்திருக்க ஓர் அரசுக்கு உரிமையுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆட்கடத்தல்காரரிடம் அகப்பட்டவர்களைக் கண்டறியவும், அனர்த்தத்தின்போது தேடவும் முகவரி அவசியம். எமது ஆட்சேபம் பொறுப்பும் தண்டனையும் பிரிந்து நிற்பதைப் பற்றியதாகும். அறிவிக்கும் அதிகாரம் ஒருவரிடமும், அறிவிக்காமையின் இழப்பு மற்றொருவரிடமும் இருக்கும்போது, முன்னவர் பின்னவரின் எசமானாகி விடுகின்றார். வாடகையை உயர்த்தவும், முற்பணத்தைத் திருப்பிக் கொடாமல் விடவும், "பொலிஸுக்குச் சொல்வேன்" என மிரட்டவும் அவருக்கு வழி பிறக்கின்றது.

பிறநாட்டுச் சட்டங்களைக் குறைகூறும் நாம் எமது முற்றத்தையும் பார்த்தல் வேண்டும். வீட்டிலுள்ளோரின் பட்டியலைப் பொலிஸார் கோருவது எமக்குப் புதிதன்று. யுத்த காலத்தில் கொழும்பில் அறையொன்றை வாடகைக்குப் பெறுவதற்குத் தமிழர் பட்ட பாட்டை இத்தலைமுறை மறந்திருக்காது. 2007 ஜூன் 7ஆம் திகதி, தலைநகரின் விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்கள், தங்குவதற்குத் தகுந்த காரணமில்லையெனக் கூறப்பட்டு பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்றைய பிரதமர் ரட்ணசிறி விக்கிரமநாயக்க வருத்தம் தெரிவித்தார். சொந்த நாட்டிலேயே பிரஜைகள் அந்நியக் குடியிருப்பாளராக நடத்தப்பட்ட நாள் அது.

2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின்னர், மா ஓயாவுக்கு அப்பால் நீர்கொழும்பில் நிகழ்ந்ததும் நினைவுகூரத்தக்கது. ஐ.நா. அகதிகள் உயர்ஸ்தானிகராலயத்தில் பதிவுசெய்து, வாடகை வீடுகளில் வாழ்ந்துவந்த பாகிஸ்தான் அஹ்மதியாக்கள், கிறிஸ்தவர்கள், ஆப்கானியர்கள் எனப் பலநூறு குடும்பத்தினர் ஓரிரு நாட்களில் வீதிக்கு வந்தனர். அயலாரின் அச்சுறுத்தலுக்கு அஞ்சிய உரிமையாளர்கள் அவர்களை வெளியேற்றினர். பொலிஸ் நிலைய வளவிலும் பள்ளிவாசலிலும் தங்கியிருந்த அவர்களுள் சிலர் பின்னர் வவுனியா பூந்தோட்டத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிடம் பதிவும் முகவரியும் இருந்தன. அவை அவர்களைக் காப்பாற்றவில்லை.

முகவரியின் வேதனையைப் புத்தளத்தைப் போல் அறிந்த மாவட்டம் வேறில்லை எனலாம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் இங்கேயே தஞ்சமடைந்தனர். கற்பிட்டியிலும் தில்லையடியிலும் தென்னந்தோட்டங்களில் ஓலைக் குடிசைகள் எழுந்தன. காணி கொடுத்தும் கிணற்றைப் பகிர்ந்தும் இம்மண்ணின் மக்கள் அவர்களை ஏற்றனர். பின்னாளில் பாடசாலை அனுமதியிலும் தொழில்வாய்ப்பிலும் உரசல்கள் தோன்றியதும் உண்மையே. முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்த பின்னரும், 'நீங்கள் மன்னாரா, புத்தளமா?' என்ற வினா அவர்களைத் தொடர்கின்றது. இங்கு பதிந்தால் அங்குள்ள காணி உரிமை பறிபோகுமோ என்ற அச்சம். அங்கு பதிந்தால் இங்குள்ள சேவைகள் மறுக்கப்படுமோ என்ற தயக்கம்.

2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க வாக்காளர் பதிவு விசேட ஏற்பாடுகள் சட்டம் இடம்பெயர்ந்தோர் தமது பூர்வீக இடத்தில் வாக்காளராகப் பதிய வழிசெய்தது. ஆயினும் 2019 நவம்பர் 16ஆம் திகதி, ஜனாதிபதித் தேர்தலில் வாக்களிக்கப் புத்தளத்திலிருந்து மன்னாருக்குச் சென்ற முஸ்லிம்களின் பஸ் தொடரணி தந்திரிமலையில் துப்பாக்கிச் சூட்டிற்கு இலக்கானது. உயிரிழப்பு ஏற்படாதது ஆறுதல். ஆனால் தமது முகவரி இருந்த ஊருக்குச் செல்வதே குற்றமாகப் பார்க்கப்பட்டதை அவர்கள் எவ்வாறு மறப்பர்?

இப்போது காற்று மறுதிசையிலும் வீசுகின்றது. கற்பிட்டிக் கடலேரியில் காற்றாடிச் சறுக்கல் விளையாட்டிற்காக வரும் வெளிநாட்டவர்களுக்கு ஆலங்குடாவிலும் கண்டக்குழியிலும் எம்மவர் வீடுகளை வாடகைக்கு விடுகின்றனர். 2024 பெப்ரவரியில், நீண்டகாலம் தங்கியிருந்த ரஷ்ய, உக்ரைனிய நாட்டவரின் வீசா நீடிப்பை நிறுத்துவதாகக் குடிவரவுத் திணைக்களம் அறிவித்ததும், பின்னர் அமைச்சரவை அனுமதியின்றி அம்முடிவு எடுக்கப்பட்டதாகக் கூறி ஜனாதிபதி அலுவலகம் அது பற்றி விசாரணைக்கு உத்தரவிட்டதும் தெரிந்ததே. ஒருநாள் வரவேற்பும் மறுநாள் விரட்டலுமான இக்குழப்பத்தில் சிக்கிக்கொள்வோர் விருந்தினரும் அவர்களை நம்பிய சிறு வீட்டுக்காரருமேயாவர். மீனவர் ஒருவர் தமது இரு அறைகளை வாடகைக்கு விட்டதற்காகக் குடிவரவு அதிகாரியாக மாறவேண்டிய நிலையை இங்கும் உருவாக்கிவிடக் கூடாது.

எனவே சில விடயங்களை உரியவர்களின் கவனத்திற்குக் கொண்டுவர விரும்புகின்றோம். முதலாவதாக, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வழங்கும் முன்பயிற்சியில், செல்லும் நாட்டின் முகவரி அறிவித்தல் விதிகள் தமிழிலும் சிங்களத்திலும் தெளிவாகக் கற்பிக்கப்படல் வேண்டும். இரண்டாவதாக, ரோமிலுள்ள தூதரகமும் மிலானிலுள்ள துணைத் தூதரகமும், வீட்டுக்காரர் அறிவிக்க மறுத்தவிடத்துக் குடியிருப்பவர் தாமே உண்மையை எழுத்தில் தெரிவித்துத் தற்காத்துக்கொள்ளும் வழியை இத்தாலிய அதிகாரிகளுடன் பேச வேண்டும். மூன்றாவதாக, எமது நாட்டில் வெளிநாட்டவருக்கு வீடு கொடுப்போருக்கான விதி எதுவாயினும் அது ஒரே பக்கத்தில், மூன்று மொழிகளிலும், பிரதேச செயலகத்தில் கிடைக்கக்கூடியதாக இருத்தல் அவசியம்.

புறப்படத் தயாராகும் உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. வாடகையைப் பற்றுச்சீட்டின்றிக் கொடாதீர்கள். ஒப்பந்தத்தினதும் அறிவித்தல் பத்திரத்தினதும் பிரதியொன்றை உங்களிடமும் மற்றொன்றை ஊரிலும் வைத்திருங்கள். வீடு மாறினால் அன்றே அறிவியுங்கள். முகவரியை விலைக்கு விற்பவர் எவ்வளவு நெருங்கியவராயினும் அவரை நம்பாதீர்கள்.

வந்தாரை வாழவைத்த மண் எனப் புத்தளத்தைச் சொல்வர். ஓலைக் குடிசையில் அகதிகளை ஏற்ற அம்மண்ணின் பிள்ளைகளே இன்று மிலானிலும் இலண்டனிலும் கதவு தட்டி நிற்கின்றனர். அவர்களுக்கு நாம் கேட்கும் நீதியை, எமது வாசலில் நிற்கும் அந்நியருக்கும் மறுக்காதிருப்போமாக.