லாரியும் நாங்களும்

“லாரி பொம்மை பையன்களுக்கு, பெண்பிள்ளைகளுக்குத் தையல் போதாதா?” என்று கேட்போர் இன்றும் உண்டு. அவர்களுக்கு எங்கள் பதில் இதோ.

கோடை விடுமுறையில் தோழியர் நால்வர் வேளச்சேரியில் கூடி, 24-இல் ஒரு பங்கு அளவில் லாரி மாதிரி ஒன்றைச் செய்தோம். கிட்டில் கிடைத்த லாரியின் முதுகில் 75 மி.மீ. பி.வி.சி. குழாய்த் துண்டைப் பொருத்தினோம். தண்ணீர் லாரி பிறந்தது!

முதலில் பெயின்ட்டைக் கனமாகப் பூசியதால் வழிந்து கெட்டது. தேய்த்தெடுத்து, மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் உலர்ந்த பிறகே அடுத்ததைப் பூசினோம். ஆக்கப் பொறுத்தவர் ஆறப் பொறுக்க வேண்டாமா? ‘குடிநீர்’ என்ற எழுத்தை டீகால் தாளில் அச்சிட்டு, வார்னிஷ் பூசிக் காயவைத்து, நீரில் நனைத்து, தூரிகையால் நகர்த்தித் தொட்டியில் படியவைத்தோம். பரப்பு வழவழப்பாக இருந்தால்தான் அது குமிழியின்றி ஒட்டும்.

கடைசியில் சக்கரத்தில் சேறும் குழாய் வாயில் துருவும் தீட்டினோம். “அழகான வண்டியை அழுக்காக்கலாமா?” என்றனர் வீட்டார். உழைக்கும் லாரி அப்படித்தானே இருக்கும்!

2019 தண்ணீர்ப் பஞ்சத்தில் சென்னைத் தெருக்களில் குடத்தோடு லாரிக்குக் காத்து நின்றவர்களில் எத்தனை தாய்மார்கள்! சிறுமியராய் அவர்கள் அருகில் நின்ற எங்களுக்கா லாரி அந்நியம்? பெற்றோரே, அடுத்த பிறந்தநாளுக்கு உங்கள் மகளுக்கும் ஒரு லாரி வாங்கிக் கொடுங்கள்!